மாமியார், மருமகள், ஒரு தட்டுவடை செட்

ஜலகண்டாபுரத்தில் ஆண்கள் வெளியே சாப்பிடுவார்கள். பெண்கள் பார்சல் சாப்பிடுவார்கள். இப்படி யாரும் சட்டம் போடவில்லை. தறியை நிறுத்திவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நடை போய் வருகிற ஆம்பளைக்குக் கல்லிலிருந்து எடுத்த பரோட்டா, சால்னா, பக்கத்து பெஞ்ச் ஆளோடு அரைமணி நேர அரசியல். வீட்டில் இருப்பவர்களுக்கு ராத்திரி பத்து மணிக்கு ஒரு பொட்டலம். அதற்குள் பரோட்டா விறைத்திருக்கும். சால்னா இலையைத் தாண்டி பேப்பருக்குள் இறங்கியிருக்கும். "சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க" என்று வேறு சொல்வார்கள்.

அந்த ஊரில், இரண்டு தறி ஓடும் ஒரு வீட்டு மாமியாரும் மருமகளும் கொஞ்ச காலமாக மாதம் ஒருமுறை சேலத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். தெருவுக்குத் தெரிந்த காரணம், ஆஸ்பத்திரி. அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

ஜலகண்டாபுரம் சேலம் மாவட்டத்தில், தாரமங்கலத்தைத் தாண்டி மேட்டூர்ப் பக்கம் இருக்கிறது. நாடக ஆசிரியர் ஜலகண்டாபுரம் ப. கண்ணனின் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஊர்ப் பெயர் வெளியே போனது. அதைவிட அதிகமாக வெளியே போனவை இங்கே நெய்த சேலைகள். இந்த வீட்டு மாமியார் கல்யாணமாகி வந்த 1980-லிருந்து ராட்டையில் தார் சுற்றுகிறார். மருமகள் வந்தது 2011-ல். அவள் தறியில் உட்காருவாள். பதினொரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே, நாலடி தூரத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவே இருவரும் வேலை பார்த்தார்கள். சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது. "அத்தை, தார் தீந்துருச்சு", "இந்தா கண்ணு" என்பதுதான் பெரும்பாலும் பேச்சு.

2022 கோடையில் ஒருநாள் மாமியார் ராட்டையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். இழை அறுந்து கால்மாட்டில் கிடந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. பட்டு இழை மெல்லியது, ஒருதரம் தப்பலாம். ஒரு வாரத்தில் நாலு தரம் தப்பியபோதுதான் மருமகள் தறியிலிருந்து இறங்கி வந்தாள். "அத்தை, இது எத்தனை விரல்?" என்று கேட்டாள். சரியாகத்தான் சொன்னார். ஆனால் விரலுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரில் தேதி தெரியவில்லை என்றார். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "தை மாசத்துல இருந்து" என்றார். அப்போது வைகாசி.

சர்க்கரை பத்து வருஷமாக இருக்கிறது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. ஆனால் விழித்திரையில் ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்க்கிற கருவி வாசலுக்கு வராது. அதற்குச் சேலத்துக்கு, மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்குத்தான் போயாக வேண்டும். மகன் தறியை விட்டு வந்தால் அன்றைய கூலி போச்சு. பெண்கள் இருவர் போனால் டவுன் பஸ்ஸில் டிக்கெட்டும் கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்ததே, அதுதான் இந்தக் கதையின் மூன்றாவது பாத்திரம். தாரமங்கலம் வரை ஒரு வண்டி, அங்கிருந்து சேலத்துக்கு இன்னொரு வண்டி. கண்டக்டர் கிழித்துக் கொடுத்த காசில்லாத டிக்கெட்டை மாமியார் முந்தானையில் முடிந்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்து பத்திரமாக மகனிடம் காட்டினார். செலவு செய்யவில்லை என்பதற்குச் சாட்சி.

முதல் தடவை தூக்குப்போசியில் தயிர்சாதம் போனது. இரண்டாவது தடவையும் போனது. ஆனால் வரிசையில் நின்று கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, மறுபடி வரிசையில் உட்கார்ந்து, மதியம் மூடியைத் திறந்தபோது புளித்துப் பொங்கியிருந்தது. வேறு வழியில்லாமல் மருமகள் அம்மா உணவகத்துக்குக் கூட்டிப்போனாள். சென்னையில் 2013-ல் தொடங்கி அதே வருஷம் மற்ற மாநகராட்சிகளுக்கும் வந்த அந்த உணவகத்தில் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மாமியார் சாப்பிடுவதற்கு முன்னால் சமைப்பவர்களை நன்றாகப் பார்த்தார். எல்லாரும் பெண்கள். "நம்மளாட்டம் பொம்பளைங்கதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எட்டு ரூபாயில் இரண்டு பேரின் முதல் வெளிச்சாப்பாடு முடிந்தது.

பெரிய சாகசங்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றன, சாதம் புளித்துப்போய்.

அடுத்த மாதம் மருமகள் ஒரு டிபன் ஹோட்டல் வாசலில் நின்றாள். பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கம். இப்போது ஈரடுக்காகக் கட்டியிருக்கிறார்களே, அதே இடம்தான். அவள் கையில் தனியாக முந்நூறு ரூபாய் இருந்தது. நெய்த கூலியில் பிரித்து வைத்தது. மாமியார் படியில் ஏறாமல், "உள்ள யாரு இருக்கா பாரு" என்றார். யாரும் தெரிந்தவர் இல்லை. அதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஹோட்டல்களில் பெண்களுக்கென்று பலகைத் தட்டி அடித்து, திரை போட்டு, 'ஃபேமிலி ரூம்' இருந்ததை நிறையப் பேர் மறந்திருப்பார்கள். அதற்குள் போவதற்கும் கூட ஒரு ஆண் வேண்டும். தனியாக வரும் பெண் குடும்பத்தில் சேர்த்தியில்லை. இப்போது திரை இல்லை. ஆனால் மாமியார் உள்ளே போனதும் தானாகவே மூலை மேசைக்கு, சுவரைப் பார்த்த நாற்காலிக்குப் போனார்.

மசால் தோசை வந்தது. மாமியார் தட்டை மருமகள் பக்கம் தள்ளினார். "உங்களுக்குத்தான் அத்தை, எனக்கு இன்னொண்ணு வருது." இன்னொன்றும் வந்தது. மாமியார் அப்போதும் கை வைக்கவில்லை. யாராவது ஒருவர் சாப்பிட்டு முடிக்காமல் தான் தொடங்குவது அவருக்குப் பழக்கமில்லை. "ஆறிடும்" என்று மருமகள் இரண்டு தடவை சொன்ன பிறகு முனையைப் பிட்டார். மொறுமொறு என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கே சுற்றிப் பார்த்தார்.

பாதித் தோசையில் ஒரு விஷயம் சொன்னார். மகனை வயிற்றில் சுமந்திருந்தபோது மசால் தோசை தின்ன ஆசையாக இருந்ததாம். வீட்டுக்காரர் சேலத்துக்குப் பாவு நூல் எடுக்கப் போனவர் நினைவாக வாங்கி வந்தார். கடைசி பஸ். வீட்டில் ஒன்பது பேர். மாமியாருடைய மாமியார் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் பங்கு வைத்தார். "எனக்குக் கெழங்கு கொஞ்சம் வந்துச்சு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார்.

சாப்பிட்டு முடித்ததும் இரண்டு தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, டம்ளரை மேலே வைத்து, எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். கழுவத்தான். சர்வர் ஓடி வந்து, "அம்மா, வைங்க வைங்க, நாங்க எடுத்துக்குவோம்" என்றார். மாமியார் வைத்தார். வெளியே வந்து ரொம்ப தூரம் நடந்த பிறகு, "அந்தத் தம்பி நம்ம எச்சித் தட்டை எடுக்குது கண்ணு" என்றார். அது அவருக்குத் தோசையைவிடப் பெரிய செய்தியாக இருந்தது.

அன்றிலிருந்து மருமகள் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினாள். தறிக்கணக்கு எழுதும் நீள நோட்டு. கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி. தேதி, தெரு, தின்றது, ஆன செலவு, அத்தை சொன்னது. கடைசிப் பத்தியில் பெரும்பாலும் "உப்பு கம்மி" என்றிருக்கிறது.

சேலத்தில் சாப்பிடுவது என்றால் தட்டுவடை செட்டை விட்டுவிட்டு எழுத முடியாது. தெரியாதவர்களுக்காக: தட்டுவடை என்பது ஒரே வாயில் போடக்கூடிய சின்னத் தட்டை. ஒரு தட்டுவடையின் மேல் காரச் சட்னி, புதினா கொத்தமல்லிச் சட்னி தடவி, பொடியாக நறுக்கிய வெங்காயம், துருவிய கேரட், பீட்ரூட் வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையை மூடி போல வைத்தால் ஒரு செட். அதை இரண்டாகக் கடிக்கக் கூடாது. கடித்தால் சட்டையில் பீட்ரூட். முழுசாக வாயில் போட்டு, பேசாமல் மெல்ல வேண்டும். சாயங்காலமானால் அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என்று சேலத்தின் எந்தப் பேட்டைக்குப் போனாலும் தள்ளுவண்டியைச் சுற்றிப் பத்துப் பேர் தட்டை ஏந்திக்கொண்டு பேசாமல் மென்றுகொண்டிருப்பார்கள். வேண்டுமென்றால் மாங்காய், பூண்டு, முட்டை என்று உள்ளே வைப்பதை மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டு உடைத்துக் கலந்தால் அதற்குப் பெயர் நொறுக்கல். பொட்டலத்தில் கட்டி ஊருக்கு எடுத்துப்போக முடியாத பண்டம் இது. கால்மணி நேரத்தில் சவுத்துவிடும். பார்சலில் வராத ஒன்றைத் தின்பதற்கு நேரில்தான் போக வேண்டும். ஜலகண்டாபுரத்துப் பெண்களுக்கு அது ஏன் முக்கியம் என்று மேலே சொல்லியாயிற்று.

அவர்கள் முதல்முதலில் அதைச் சாப்பிட்ட நாளில் மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது. விழித்திரையைப் பார்ப்பதற்காகச் சொட்டு விட்டால் கண்மணி விரிந்துகொள்ளும். அப்புறம் சில மணி நேரம் வெளிச்சம் குத்தும், கிட்டே இருப்பது கலங்கலாகத் தெரியும். அந்தக் கண்ணோடு அம்மாப்பேட்டையில் ஒரு வண்டிக்கு முன்னால் நின்றார்கள். அம்மாப்பேட்டையும் நெசவாளர்கள் நிறைந்த பகுதிதான். எங்கோ ஒரு வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இருந்ததால் மாமியாருக்கு ஊர் அந்நியமாகத் தோன்றவில்லை.

"என்ன கண்ணு செய்யறாங்க?" என்று கேட்டார். மருமகள் சொல்லிக்கொண்டே வந்தாள். "தட்டையை வரிசையா அடுக்கறாங்க அத்தை. ஆறு. இப்ப சிவப்புச் சட்னி. விரல்ல தொட்டு ஒரே இழுப்பு. அடுத்த வரிசைக்குப் பச்சை. வெங்காயம் போடறாங்க. இப்ப பீட்ரூட்டு, நம்ம அரக்குச் சேலை கலர்." கடைக்கார அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் மெதுவாகச் செய்தார். தட்டு கைக்கு வந்தது. மாமியார் தடவிப் பார்த்து ஒன்றை எடுத்து வாயில் போட்டார். வாய் நிறைந்துவிட்டது. பேச முடியாமல் கண்ணில் தண்ணீர் வர, கையை ஆட்டி இன்னொரு தட்டு என்று காட்டினார்.

"காரமா இருக்காம்மா?" என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டும்" என்றார் மாமியார். நோட்டில் அன்றைக்கு 'உப்பு கம்மி' இல்லை.

எல்லாத் தடவையும் இப்படி அமையவில்லை. ஒரு பிரியாணிக் கடைக்குள் போனார்கள். உள்ளே முழுக்க ஆம்பளைகள். எல்லா முகமும் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. உட்காராமல் வெளியே வந்தார்கள். அதே கடைக்கு மூன்று மாதம் கழித்து மறுபடியும் போய் உட்கார்ந்தார்கள் என்பது வேறு விஷயம். ஐந்து ரோடு பக்கம் ஏசி போட்ட ஓரிடத்தில் மெனு கார்டு முழுக்க இங்கிலீஷ். மருமகள் பிளஸ் டூ படித்தவள். எழுத்தைப் படித்துவிட்டாள், பண்டம் என்னவென்று புரியவில்லை. கடைசியில் விரல் வைத்த இடத்தில் வந்தது உருளைக்கிழங்கு வறுவல், சின்னக் கிண்ணத்தில் தக்காளிச் சாஸ். வரியோடு சேர்த்து வந்த பில்லை மாமியார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு ரெண்டு கிலோ கெழங்கு வாங்கிருக்கலாம்" என்று சொன்னவர், ஒரு துண்டு மீதம் வைக்காமல் தின்றார். காசு கொடுத்தாயிற்றே.

மெஸ் ஒன்றில் பள்ளிபாளையம் சிக்கன் கிடைத்தது. அது ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், காவிரியோரம் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் விசைத்தறி ஊரின் பெயர். சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், தேங்காய்ச் சில்லு. பொடி மசாலாவின் மிரட்டல் இல்லாத வறுவல். மாமியார் தேங்காய்ச் சில்லை மட்டும் தனியாகப் பொறுக்கி மென்று பார்த்துவிட்டு, "தறிக்காரன் சமையல்தான் இது. அரைக்க நேரமில்லாதவன் செஞ்சது" என்று தீர்ப்புச் சொன்னார். சரித்திரமாக அது சரியா என்று கேட்கக் கூடாது. ருசியாகப் பார்த்தால் சரி.

புரட்டாசியில் மட்டும் இட்லியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

போய்வரும் இரண்டு பஸ்களில்தான் பேச்சு வளர்ந்தது. பதினொரு வருஷத்தில் பேசாததை ஒன்றரை வருஷத்தில் பேசினார்கள். மருமகளுக்கு நர்ஸ் படிக்க ஆசை இருந்தது மாமியாருக்கு அப்போதுதான் தெரியும். மாமியாருக்கு நீச்சல் தெரியும் என்பது மருமகளுக்கு அப்போதுதான் தெரியும். போவதற்குக் காரணம் கிடைக்காத மாதத்தில் காரணம் தயாரித்தார்கள். கண் இல்லாவிட்டால் சர்க்கரை, சர்க்கரை இல்லாவிட்டால் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குத் திருகாணி. ஒரு கொலுசுக்கு எத்தனை தடவை திருகாணி கழலும் என்று மகன் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

யோசித்தது சர்க்கரை அளவு ஏறியபோது. மூன்று மாதச் சராசரி என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. அது பெரும்பாலானவர்களுக்கு 7-க்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள். மாமியாருக்கு 8.1 இருந்தது 9.4 ஆகியிருந்தது. கசிவுக்கு ஒரு கண்ணில் ஏற்கெனவே லேசர் செய்தாயிற்று. சர்க்கரை இப்படியே போனால் இன்னொரு கண்ணுக்கும் வரும் என்றார் டாக்டர். சீட்டை மகன் படித்தான். படித்துவிட்டு, நோட்டின் பின்பக்கத்தையும் படித்தான்.

"சேலத்துக்கு வைத்தியத்துக்குப் போறீங்களா, வாய்க்குப் போறீங்களா?" என்று கேட்டான். அம்மாவைப் பார்த்துக் கேட்கவில்லை. பெண்டாட்டியைப் பார்த்து, "நீதான் கண்டதையும் வாங்கிக் குடுத்து அவங்க கண்ணைக் கெடுக்கறே" என்றான். தெருவில் இரண்டு வீட்டுக்காவது கேட்டிருக்கும். இனிமேல் சேலத்துக்குத் தானே கூட்டிப்போவதாகச் சொன்னான். மருமகள் பதில் சொல்லவில்லை. 9.4 என்ற எண்ணுக்கு அவளிடமும் பதில் இல்லை. அன்று ராத்திரி நோட்டைத் தறிக் குழிக்குப் பக்கத்து மாடத்தில், எண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

நியாயமாகப் பார்த்தால் மகனின் பயத்தில் தப்பில்லை. சர்க்கரைக்காரருக்குச் சேலத்தைப் போலச் சோதனையான ஊர் வேறெது? மாம்பழத்துக்குப் பேர்போன ஊர். செவ்வாய்ப்பேட்டையில் வெல்ல மண்டி. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஜவ்வரிசி வேறு. மரவள்ளிக் கிழங்கின் சுத்தமான மாவுச்சத்து அது, பாயசமாக வந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்த மாதம் மகன்தான் கூட்டிப்போனான். தறி அன்றைக்கு நின்றது. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்கிற நர்ஸ் மாமியாரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மகன் முந்திக்கொண்டு தட்டுவடை, தோசை, பள்ளிபாளையம் என்று ஒப்பித்தான். நர்ஸ் கேட்டுவிட்டு, "அது மாசத்துல ஒருநாள். மீதி இருபத்தொம்பது நாள்?" என்றார்.

அதற்கு மகனுக்குப் பதில் தெரியவில்லை. அம்மா என்ன சாப்பிடுகிறார் என்று அவன் பார்த்ததில்லை. எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகுதானே அவர் சாப்பிடுகிறார்.

மாமியார் சொன்னார். காலையில் ராத்திரி மீந்த பழைய சோறு. பேரன் வைத்துவிட்டுப் போன இட்லி இருந்தால் அதுவும். மதியம் குண்டானில் என்ன நிற்கிறதோ அது. குழம்பு பெரும்பாலும் தீர்ந்திருக்கும், சோறு தீராது. ராத்திரி பார்சல் வந்தால் அதில் மீந்த பரோட்டா. பொரியல், கீரை? "அது அவங்களுக்கே பத்தாதே." ஏன் இவ்வளவு சோறு என்று நர்ஸ் கேட்டபோது, "வீணாப் போகுதே சாமி" என்றார்.

வீட்டில் மீந்ததையெல்லாம் போடுகிற பாத்திரமாக ஒரு வயிறு நாற்பது வருஷம் இருந்திருக்கிறது. அந்தக் கணக்கில் ஆறு தட்டுவடை எந்த மூலை என்று நர்ஸ் சொல்லவில்லை. தட்டுவடையும் எண்ணெயில் பொரித்த அரிசிமாவுதான், அளவோடு இருக்கட்டும் என்றுதான் சொன்னார். ஆனால் வெள்ளைச் சோற்றைப் பாதியாக்கி, காயும் பருப்பும் முட்டையும் தட்டில் முதலில் வைக்கச் சொன்னார். மற்றவர்களோடு சேர்ந்து, அதே நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். கடைசியில் சொன்னதுதான் அந்த வீட்டுக்கு ரொம்பக் கஷ்டமான மருந்து.

திரும்பி வரும்போது தாரமங்கலம் பஸ் ஸ்டாண்டில் மகன், "பசிக்குதாம்மா?" என்று கேட்டான். "வீட்டுக்குப் போயி எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்" என்றார் அம்மா. அவன் கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் புரட்சி ஒன்றும் நடந்துவிடவில்லை. சாப்பிடும் நேரம்தான் மாறியது. ஏழு மணிக்குத் தறி நிற்கும்; ஐந்து பேரும் ஒன்றாகத் தரையில் உட்காருவார்கள். பரிமாறுவதற்கு யாரும் எழுவதில்லை, பாத்திரங்கள் நடுவில் இருக்கும். முதல் வாரம் மாமியார் மூன்று தடவை எழுந்தார், மருமகள் மூன்று தடவை உட்கார வைத்தாள். வாரத்தில் மூன்று நாள் ராகிக் களியும் கீரைக் கடைசலும், கொள்ளு ரசம் ஒருநாள். பேரன் களியைப் பார்த்து முகம் சுளிக்கிறான். அவன் மீதம் வைத்தால் அவன் அப்பா தின்ன வேண்டும் என்று மாமியார் உத்தரவு போட்டிருக்கிறார். அரிசி படி குறைந்தது. பரோட்டாப் பொட்டலமும் குறைந்தது, மகன் தின்பது குறைந்ததா என்பது அவனுக்கும் கடைக்காரருக்கும் தெரியும்.

சேலத்துக்கு மறுபடியும் பெண்கள் இருவரும் போகிறார்கள். தறி ஒருநாள் நின்றால் என்ன ஆகும் என்று மகனுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் சாப்பிடும் விதம் மாறியிருக்கிறது. ஒரு செட்டை வாங்கி ஆளுக்கு மூன்று. தோசை ஒன்று, இரண்டு தட்டு. மெஸ்ஸில் சோற்றைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, "தம்பி, பொரியல் இன்னொருக்கா வைப்பா" என்று கேட்க மாமியார் கற்றுக்கொண்டுவிட்டார். ஒரு சித்திரையில் பழக்கடை முன்னால் நின்று மல்கோவாவை முகர்ந்து முகர்ந்து பார்த்தார். மருமகள் ஒரே ஒரு பழம் வாங்கி, ஒரு கன்னத்தை அறுத்து, அதிலும் பாதியைக் கொடுத்தாள். மாமியார் அதைத் தின்பதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு தார் சுற்றியிருக்கலாம்.

ஆறு மாதம் கழித்து சராசரி 7.6. இரண்டாவது கண்ணில் இதுவரை கசிவு இல்லை. பட்டு இழையைப் பிடிக்க முடியவில்லை, தார் சுற்றுவதை நிறுத்திவிட்டார். ஆனால் சுவரோரம் உட்காருவதில்லை. ஹோட்டலுக்குள் போனால் தெருவைப் பார்த்த மேசைதான் வேண்டும். போகிற வருகிற ஜனம் மங்கலாகத் தெரிந்தாலும் போதும் என்கிறார்.

நோட்டு எண்ணெய் டப்பாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டது. இப்போது மகனும் அதைப் புரட்டுகிறான். போன மாதம் அவனே ஒரு வரி எழுதி வைத்திருந்தான்: 'மேட்டூர் டேம், மீன் வறுவல்.' பூங்காவுக்குப் பக்கத்துக் கடைகளில் கண்ணெதிரே மசாலா தடவிப் பொரித்துக் கொடுக்கிறார்களே, அது. மீன் சர்க்கரைக்கு நல்லதுதானே என்று காரணமும் கண்டுபிடித்திருந்தான். மூன்று பேரும் பைக்கில் போய்விடலாம் என்றான்.

"பைக்கெல்லாம் வேண்டாம்" என்றார் அம்மா. "நாங்க பஸ்ல போவோம். நீயும் வா. உனக்கு மட்டும் டிக்கெட் எடுத்துக்க."